வினிகர் தொட்டதும் வெளுக்கும் இடம்

கடையில் வாங்கும் வினிகரில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு அசிட்டிக் அமிலம். மீதி பெரும்பாலும் தண்ணீர். அதே வீரியத்தில் கலக்கிய அமிலத்தைப் பஞ்சில் நனைத்து, ஒரு பெண்ணின் கருப்பை வாயில் ஒற்றி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் வெறும் கண்ணால் பார்க்க வேண்டும். பரிசோதனை அவ்வளவுதான். நுண்ணோக்கி வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம், மருத்துவர்கூட வேண்டாம். பயிற்சி பெற்ற செவிலியர் போதும். வந்தவர் மேசையிலிருந்து இறங்குவதற்குள் முடிவு தெரிந்துவிடும். புற்றுநோய் என்றதும் ஸ்கேன் இயந்திரமும் லட்சக்கணக்கில் பில்லும்தான் நம் நினைவுக்கு வருகின்றன; அதனாலேயே இதைப் பரிசோதனை என்று நம்பக் கொஞ்சம் தயக்கமாக இருக்கும். ஆனால் இந்தப் பஞ்சு உயிரைக் காப்பாற்றுகிறது என்பதைக் கணக்குப் போட்டு முதலில் நிரூபித்த இடம் நம் திண்டுக்கல் மாவட்டம்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் மிக அதிகமாகப் பதிவான பகுதிகளில் ஒன்றாக அது அப்போது இருந்தது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் இருக்கும் கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமுதாய நல மையமும், அடையாறு புற்றுநோய் நிலையமும், பிரான்சின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் கைகோத்து 2000-ஆம் ஆண்டில் வேலையைத் தொடங்கின. ஆய்வை முன்னின்று நடத்தியவர் ஆர். சங்கரநாராயணன், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலிருந்து லியோனுக்குப் போனவர். கிராமங்களை 114 தொகுதிகளாகப் பிரித்து, அவற்றில் பாதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே 30 முதல் 59 வயது வரையுள்ள, எந்த நோவும் இல்லாத பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். மற்ற 57 தொகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே. அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். முடிவு 2007-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. அழைப்பு போன ஊர்களில் இந்த நோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. நோய் வருவதே 25 சதவீதம் குறைந்திருந்தது. இவ்வளவும் ஒரே ஒரு முறை பார்த்ததன் பலன்.

இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பரிசோதனை செய்தால் நோய் அதிகமாகத்தானே தெரியவரும், எப்படிக் குறையும்? 'சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம்' என்று சுவரொட்டிகளில் படித்துப் பழகிய நமக்கு இது இடறத்தான் செய்யும். அந்த வாசகம் புற்றுநோய் வந்துவிட்ட பிறகு நடப்பதைப் பற்றியது. திண்டுக்கல்லில் பிடிபட்டவற்றில் பெரும்பகுதி புற்றுநோயே இல்லை. விட்டு வைத்திருந்தால் பத்து, பதினைந்து ஆண்டுகளில் அப்படி ஆகியிருக்கக்கூடிய இடங்கள். அந்த நீண்ட இடைவெளிதான் இந்தப் பரிசோதனையின் உயிர்.

கருப்பை வாயின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருப்பவை தட்டையான, அடுக்கடுக்கான செல்கள். உள்ளே கருப்பையை நோக்கிப் போகும் பாதையில் இருப்பவை தூண் வடிவச் செல்கள், ஒரே வரிசை. இரண்டும் சந்திக்கும் எல்லை ஒரே இடத்தில் நிற்பதில்லை. பூப்பெய்திய பிறகும் கர்ப்ப காலத்திலும் தூண் செல்கள் வெளிப்பக்கம் வந்து எட்டிப் பார்க்கும். யோனியின் அமிலத்தன்மை பட்டதும் அவை கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டைச் செல்களாக மாறத் தொடங்கும். மாறிக்கொண்டே இருக்கும் அந்த வளையத்தில்தான் ஏறக்குறைய எல்லாக் கருப்பை வாய்ப் புற்றுநோய்களும் தொடங்குகின்றன. சில மில்லிமீட்டர் அகலமே உள்ள அந்த வளையம் கண்ணுக்கு எட்டுகிற இடத்தில் அமைந்திருப்பது பெரிய அதிர்ஷ்டம். கணையத்துக்கோ சினைப்பைக்கோ அது வாய்க்கவில்லை.

அங்கே குடியேறும் விருந்தாளி ஹெச்.பி.வி. என்ற வைரஸ். பாலுறவில் தொற்றுவது, தாம்பத்திய வாழ்வில் இருக்கும் பெரும்பாலான ஆண்களையும் பெண்களையும் ஒரு முறையாவது தொட்டுவிட்டுப் போவது. இது யாருடைய நடத்தைக்கும் சான்றிதழ் கிடையாது. பத்துக்கு ஒன்பது முறை உடலே ஓரிரு ஆண்டுகளில் அதை விரட்டிவிடுகிறது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. விரட்டப்படாமல் தங்கிவிடுகிற சிலரிடம்தான் சிக்கல். வைரஸின் இரண்டு புரதங்கள், செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் இரண்டு காவல் புரதங்களைச் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. அப்புறம் ஆண்டுக்கணக்கில் பிழைகள் சேர்கின்றன. உலகின் கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 என்ற இரண்டு வகை வைரஸ்களே பொறுப்பு.

இதைக் கண்டறிந்த ஜெர்மானியர் ஹெரால்ட் சுர் ஹௌசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் குழு 18-ஆம் வகையைத் தேடிப் பிடித்த இடங்களில் ஒன்று ஹீலா செல்கள். 1951-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சைக்கு வந்து, அந்த ஆண்டே 31 வயதில் இறந்துபோன ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்த செல்கள் அவை. போலியோ தடுப்பூசிச் சோதனை தொடங்கி எத்தனையோ ஆய்வுகளுக்கு உதவிக்கொண்டு உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்ந்துகொண்டிருந்தன. அவரைக் கொன்ற வைரஸ் அத்தனை ஆண்டுகளும் அவற்றுக்குள்ளேயே இருந்தது.

சரி, வினிகர் பட்டால் ஏன் வெளுக்க வேண்டும்? கெட்டுப்போகத் தொடங்கிய செல்லில் உட்கரு பெருத்துவிடும், ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கும், புரதம் ஏராளம். அமிலம் பட்டதும் அந்தப் புரதங்கள் தற்காலிகமாகத் திரள்கின்றன. முட்டையின் வெள்ளைக்கரு சூடான கல்லில் விழுந்ததும் தெளிவு போய் வெளுப்பது இதே வகை மாற்றம்தான், ஆனால் அது திரும்பாது. இது சில நிமிடங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். நலமான பகுதியில் ஒளி செல்களைத் தாண்டிப் போய் அடியில் ஓடும் ரத்த நாளங்களின் சிவப்போடு திரும்பி வருகிறது. அதனால் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. திரண்ட பகுதியில் ஒளி மேலேயே சிதறித் திரும்பிவிடுகிறது. வெறும் அழற்சியும், ஆறிவரும் புண்ணும்கூட லேசாக வெளுக்கும். ஆனால் அந்த வெண்மை மங்கலாக, கரை கலைந்து, சீக்கிரம் மறையும். செவிலியர் தேடுவது, எல்லை வளையத்தை ஒட்டி, கரை தெளிவாக வெட்டி வைத்த, அடர்ந்த வெள்ளைத் திட்டு. ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருக்கச் சொல்வது அதற்காகத்தான். அவசரப்பட்டால் திட்டு எழும்பும் முன்பே 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிட நேரும். சில இடங்களில் அதன்மேல் அயோடினும் தடவிப் பார்ப்பார்கள். நலமான செல்களில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு இருப்பதால் அவை கரும்பழுப்பாக மாறும். கெட்டவற்றில் அது தீர்ந்துபோயிருப்பதால் கடுகு மஞ்சளாகவே நிற்கும்.

அமிலத்தை முதலில் கருப்பை வாயில் தடவியவர் ஹான்ஸ் ஹின்சல்மான் என்ற ஜெர்மன் மருத்துவர். 1925-இல் கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியை உருவாக்கியவர் அவர். சளியைத் துடைத்து எடுக்க அமிலத்தைப் பயன்படுத்தியபோதுதான் வெள்ளை தெரிந்தது. அந்தப் பெயரை மரியாதையோடு மட்டும் சொல்லிவிட்டு நகர முடியாது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பெண் கைதிகள்மீது இந்தக் கருவியைக் கொண்டு நடந்த ஆய்வுகளோடு அவர் பெயரும் சேர்ந்தே வருகிறது. போருக்குப் பின், ரோமா இனப் பெண்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்த வழக்கில் அவர் சிறைத் தண்டனை பெற்றார்.

கிரேக்கரான ஜார்ஜ் பாபனிகொலாவ் வேறு வழியில் வந்தார். கருப்பை வாயிலிருந்து உதிரும் செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது. அவர் பெயரின் முதல் பகுதிதான் 'பாப் ஸ்மியர்'. 1940-களுக்குப் பிறகு செல்வந்த நாடுகளில் இந்த நோய் கீழே இறங்கியதற்கு அது முக்கியக் காரணம். ஆனால் அதற்குத் தகடு, சாயம், பயிற்சி பெற்ற கண்கள், முடிவைச் சொல்ல மறுபடி வரவழைக்க ஓர் ஏற்பாடு எல்லாம் வேண்டும். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமத்தில் நடவுக் கூலியை விட்டுவிட்டு வந்த பெண்ணிடம் 'இரண்டு வாரம் கழித்து வாங்க' என்றால் எத்தனை பேர் வருவார்கள்? வினிகர் ஜெயித்தது அந்த இடத்தில். வெள்ளை தெரிந்தால் அதே மேசையிலேயே அடுத்த வேலையைத் தொடங்கலாம். கார்பன் டை ஆக்சைடு வாயுவால் குளிர்ந்த ஓர் உலோக நுனியை அழுத்தி மூன்று நிமிடம் உறையவைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி மூன்று நிமிடம் உறையவைத்தால் அந்தத் திட்டு செத்து உதிர்ந்துவிடும். மயக்க மருந்து தேவையில்லை. இப்போது வாயு உருளையைத் தூக்கிச் செல்ல வேண்டாதபடி, பேட்டரியில் சூடாகும் கைக்கருவியும் வந்துவிட்டது.

முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் இன்று நகரங்களில் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தரம் பிரித்து விற்கப்படும் பொட்டலங்களைப் பார்க்கும்போது எனக்கு வரும் கேள்வி ஒன்றே: இதில் எதற்கு அந்த இடைவெளி இருக்கிறது? நோய் முற்றுவதற்கு முன் நீண்ட காலம் இருக்க வேண்டும், அந்தக் காலத்தில் பிடிபட வேண்டும், பிடிபட்டால் செய்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பரிசோதனை கவலையைத்தான் விற்கிறது. தென் கொரியாவில் 1999-இல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் கொண்டுவந்தது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் வந்தவர்களிடம் 'கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுங்கள், கழுத்தையும் ஸ்கேன் பார்த்துவிடலாம்' என்றன மருத்துவமனைகள். 1993-ஐ ஒப்பிட 2011-இல் தைராய்டு புற்றுநோய் பதினைந்து மடங்கு ஆனது. அந்த ஒரே ஆண்டில் 40,000-க்கும் மேற்பட்டோருக்கு நோய் என்று சொன்னார்கள். அவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் தைராய்டு சுரப்பி முழுதாகவோ பாதியாகவோ வெட்டி எடுக்கப்பட்டது. தைராய்டு புற்றுநோயால் இறப்பவர்களின் எண்ணிக்கையோ அசையவே இல்லை. உள்ளே படுத்துக் கிடந்த, ஆயுள் முழுவதும் தொல்லை தராத புள்ளிகளைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். சினைப்பைப் புற்றுநோய்க்கு சி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களுக்கு மேல் வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது; ஆண்டுதோறும் பார்த்தும் இறப்பு குறையவில்லை. நம் பொட்டலங்களில் 'டியூமர் மார்க்கர்' என்ற தலைப்பில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பது அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது; காசு பார்க்க முடியாதே. திருவனந்தபுரத்தில் சங்கரநாராயணனின் குழுவே நடத்திய ஆய்வு, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடம் இந்த எளிய பார்வை வாய்ப் புற்றுநோய் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததை 2005-இல் காட்டியது.

வினிகருக்கும் குறை உண்டு. திண்டுக்கல்லில் பார்த்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு 'பாசிட்டிவ்' வந்தது. மொத்தம் 3,088 பேர். புற்றுநோய் இருந்தது அதில் மிகச் சிலருக்கே. அந்தச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் வீடே ஒடிந்துபோவதைத் தடுக்க, செவிலியர் அதை எப்படிச் சொல்கிறார் என்பதும் பரிசோதனையின் பகுதிதான். அடுத்தது வயது. மாதவிலக்கு நின்ற பிறகு அந்த எல்லை வளையம் உள்ளே ஏறிக்கொள்ளும், பார்வைக்குச் சிக்காது. ஐம்பதைத் தாண்டியவரிடம் வெள்ளை தெரியவில்லை என்பதற்கு அவ்வளவு பொருள் இல்லை. எல்லாவற்றையும்விட, கண் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களை வைத்து, வினிகர், பாப் ஸ்மியர், ஹெச்.பி.வி. மரபணுச் சோதனை ஆகியவற்றை ஒப்பிட்ட ஆய்வு 2009-இல் வெளியானது. இறப்பைத் தெளிவாகக் குறைத்தது ஹெச்.பி.வி. சோதனை மட்டும், ஏறக்குறைய பாதியாக. வினிகர் அங்கே குறிப்பிடும்படி எதையும் சாதிக்கவில்லை. திண்டுக்கல்லில் வென்றது உஸ்மானாபாத்தில் தோற்றதற்குப் பயிற்சியின் தரத்தையும் கண்காணிப்பையும் காரணம் காட்டுவோர் உண்டு. அப்படியானால் அதுவே ஒரு பலவீனம். ஹெச்.பி.வி. சோதனையில் வைரஸ் இல்லை என்று வந்த பெண்களில் அடுத்த எட்டு ஆண்டுகளில் இந்த நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் இப்போது முதலில் சொல்வது அந்தச் சோதனையைத்தான்: 30 வயதிலிருந்து, ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒரு முறை. மாதிரியைப் பெண் தானே ஒரு குச்சியால் எடுத்துக் கொடுக்கலாம் என்பது அதன் இன்னொரு வசதி. கூச்சம் காரணமாக வராதவர்களுக்கு அது பெரிய வழி.

இந்த எண்களுக்குப் பின்னால் ஓர் உறுத்தல் இருக்கிறது. திண்டுக்கல், உஸ்மானாபாத், மும்பையில் நடந்த இன்னொரு வினிகர் ஆய்வு ஆகிய மூன்றிலும் பரிசோதனைக்கு அழைக்கப்படாத ஒப்பீட்டுக் குழுக்களில் இருந்த 254 பெண்கள் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தார்கள். பாப் ஸ்மியர் பயன் தரும் என்று உலகுக்கே தெரிந்த பிறகு இவர்களை அப்படியே விட்டது அறமா என்று மருத்துவ நெறி இதழ்களில் கடுமையான சண்டை நடந்தது. அந்த ஊர்களில் அப்போது எந்தப் பரிசோதனையும் இருக்கவில்லை, ஆய்வு எதையும் பறிக்கவில்லை என்பது ஆய்வாளர்கள் தரப்பு. எனக்கு இரண்டாவது வாதம் சட்டப்படி சரியாகவும் மனத்துக்கு ஒப்பாததாகவும் இருக்கிறது.

திண்டுக்கல் முடிவு வந்த 2007-இலேயே தமிழக அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் சோதனை முயற்சியாக வினிகர் பரிசோதனையைத் தொடங்கியது. 2012 முதல் தொற்றா நோய்த் திட்டத்தின் கீழ் மாநிலம் முழுதும் பரவியது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் அதே அறைக்கு அடுத்த அறையில் இதுவும். ஆனாலும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. தமிழ்நாடு ஏறக்குறைய பத்து சதவீதத்தோடு முன்வரிசையில் நிற்கிறது. முன்வரிசையே பத்தில் ஒருவர்தான். இந்த நோய் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பெண்களைக் கொண்டுபோகிறது.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே நர்சம்மா, எதுக்கு?" என்ற கேள்விதான் பெரிய தடை. வலி இல்லை, ரத்தம் இல்லை, வேலைக்குப் போய்வருகிறாள். அந்த நிலையில் வருபவருக்குத்தான் பரிசோதனையால் முழுப் பலன் என்பது நம் அனுபவ அறிவுக்கு நேர் எதிரானது. உடம்புக்கு முடியாமல் போனால்தான் ஆஸ்பத்திரி என்று பழகிய வாழ்க்கை. அதோடு, அந்த மேசையில் ஏறிப் படுப்பதற்கான வெட்கம். கூட இருக்கும் மாமியாரிடம் என்ன சொல்வது என்ற சங்கடம். 'உனக்கு ஏன் இந்த டெஸ்ட்' என்ற கணவனின் பார்வை. தடுப்பூசி போட்டுவிட்டோமே என்பது இனி வரப்போகும் சாக்கு. புணேயின் சீரம் நிறுவனம் 'செர்வாவேக்' என்ற ஹெச்.பி.வி. தடுப்பூசியைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டதால் ஊசி பரவலாகும். ஆனால் அது வைரஸ் தொடும் முன் போட வேண்டியது, பள்ளிப் பிள்ளைகளுக்கு. அவர்களின் அம்மாக்களுக்குப் பரிசோதனைதான்.

உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்றுபோன பிறகு ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் முகாமுக்கோ அழைப்புக்கோ காத்திருக்காமல் நேரே மகளிர் நல மருத்துவரிடம் போக வேண்டும். அது வேறு கணக்கு. ஒன்றும் இல்லாதவர் மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்து ஏதாவது ஒரு காலையில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் போதும், இலவசம். கருவி உள்ளே போகும்போது ஓர் அழுத்தம், அமிலம் படும்போது லேசான எரிச்சல், சில நிமிடம். முடிவு எழுதிய சீட்டைக் கேட்டு வாங்குங்கள். திண்டுக்கல்லில் புற்றுக்கு முந்தைய நிலை இருப்பதாகத் தெரிந்த 1,874 பெண்களில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம். தெரிந்த பிறகும் ஐந்நூற்றுச் சொச்சம் பேர் நழுவிவிட்டார்கள். சீட்டில் 'பாசிட்டிவ்' என்றிருந்தால், அடுத்து எந்த மருத்துவமனை, எந்தத் தேதி, யாரைப் பார்ப்பது என்பதை அந்த அறையிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.